ஓவர்ஃப்ளோ வாயை அடைத்த துணி: ஒரு பழைய சங்கிலி டாய்லெட்டின் கசிவு

வீடு மயிலாப்பூரில், 1930-களில் கட்டியது. கீழும் மேலுமாக இரண்டு தளம், நடுவில் மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்குக் கட்டைகளின் மேல் அச்சுக்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம். மேல்தளத்தின் பின்கட்டில் ஒரு டாய்லெட். இரண்டு படி ஏறினால் மேடை, அதில் பதித்த இந்தியன் பேசின், தலைக்கு மேலே வார்ப்பிரும்பு ஃபிளஷ் டேங்க், அதிலிருந்து தொங்கும் சங்கிலி. அதற்கு நேர் கீழே சாமான் அறை.

அந்த அறையின் கூரையில் இரண்டு தேக்குக் கட்டைகளுக்கு நடுவே ஓதம் ஏறியிருந்தது. சுண்ணாம்புப் பூச்சு உரிந்து அச்சுக்கல் வெளியே தெரிந்தது, ஓரங்களில் உப்புப் பூத்திருந்தது. கீழே வைத்திருந்த எவர்சில்வர் அண்டாவில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பின்பக்கச் சந்தில் போய்ப் பார்த்தால் அங்கேயும் ஒரு பிரச்சினை. 4 அங்குல வார்ப்பிரும்புக் கழிவுக் குழாயை ஒட்டிச் சுவர் கறுத்துப் பாசி பிடித்திருந்தது, குழாயின் ஒரு இணைப்பில் அரசமரக் கன்று முளைத்திருந்தது.

முன்பு வந்த ஒப்பந்தக்காரர் பேசினைப் பெயர்த்துவிட்டு, மேடையை இடித்து, கான்கிரீட் போட்டு, புது டைல்ஸ், புது பிவிசி என்று பெரிய பட்டியல் கொடுத்திருந்தார். வீட்டுக்கார அம்மாவுக்கு அதில் மனசில்லை. "தம்பி, பேசினைத் தொடாம ஏதாவது வழி இருக்கா பாரு. அதுல ஒரு கீறல்கூட இல்ல" என்றார். அவர் சொன்னது சரிதான். பீங்கானில் விரிசல் இல்லை, மெருகும் போகவில்லை. அப்படிப்பட்ட பேசினை உடைத்து எடுக்கும்போது அடியில் இருக்கும் சுண்ணாம்புத் தளமும் சேர்ந்து ஆடும். மெட்ராஸ் டெரஸ் மேல் சுத்தியல் வேலை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

ஏற்கெனவே நடந்த வைத்தியங்களின் தடயம் எல்லா இடத்திலும் இருந்தது. பேசினைச் சுற்றி வெள்ளை சிமெண்ட், ஃபிளஷ் பைப் தரையில் இறங்கும் இடத்தில் எம்-சீல், அதன்மேல் இன்னொரு சிமெண்ட் பூச்சு, அதற்கும் மேல் ஏதோ வாட்டர்புரூஃப் கலவை. ஒவ்வொன்றும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். எங்கே ஒழுகுகிறது என்று யாரும் பார்க்கவில்லை, ஈரம் தெரிந்த இடத்தில் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இணைப்புகள்

இந்த மாதிரி அமைப்பில் ஒழுகக்கூடிய இடங்கள் ஒரு வரிசையில் இருக்கின்றன. முதலில் டேங்குக்குத் தண்ணீர் வரும் அரை அங்குல இணைப்பு. அடுத்து டேங்கின் அடியில் ஃபிளஷ் பைப் மாட்டும் பித்தளை யூனியன். பிறகு அந்தப் பைப் சுவரோடு இறங்கி, மேடைக்குள் புகுந்து, வளைந்து, பேசினின் பின்பக்க வாயில் நுழையும் இடம். இது மேடைக்குள் புதைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதற்கப்புறம் பேசினுக்கும் ட்ராப்புக்கும் (வாடை மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) நடுவே ஓர் இணைப்பு, ட்ராப்பிலிருந்து சுவர் தாண்டி வெளிக்குழாய்க்கு ஓர் இணைப்பு, கடைசியில் வெளிக்குழாயின் ஒவ்வொரு சாக்கெட்டும், அதாவது அடுத்த குழாய் நுழையும் அகன்ற வாயும்.

எங்கே ஒழுகுகிறது என்பதை, எப்போது ஒழுகுகிறது என்பதே பெரும்பாலும் சொல்லிவிடும். நாள் முழுக்க ஓயாமல் சொட்டினால் டேங்குக்கு வரும் தண்ணீர்ப் பக்கம் சந்தேகப்பட வேண்டும். சங்கிலியை இழுத்தால் மட்டும் சொட்டினால் ஃபிளஷ் பைப். யார் எப்படித் தண்ணீர் ஊற்றினாலும் சற்று நேரம் கழித்து வாடையோடு ஈரம் வந்தால் ட்ராப் அல்லது கழிவுக் குழாய். இந்த வீட்டில் கூரையில் சொட்டியதில் வாடை இல்லை. ஆனால் ராத்திரி யாரும் டாய்லெட் போகாத நேரத்திலும் சொட்டியது. அப்படியானால் முதல் வகை என்று சொல்லத் தோன்றும். ஆனால் அரை அங்குல இணைப்பைத் தொட்டுப் பார்த்தால் துளி ஈரம் இல்லாமல் காய்ந்திருந்தது.

எதையும் உடைக்கும் முன் டேங்குக்கு வரும் ஸ்டாப் காக்கை மூடி, டேங்கைக் காலி செய்து, சங்கிலியை மேலே சுருட்டிக் கட்டினோம். "கொஞ்ச நாளைக்கு வாளியில ஊத்திக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டு, கூரையில் ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதினோம். வாளித் தண்ணீரில் கேசரி பவுடர் கரைத்து ஊற்றச் சொன்னேன். மஞ்சள் தூள் வேண்டாம், சுண்ணாம்பில் பட்டால் சிவந்துபோய்க் குழப்பும். கேசரி நிறமும் அவ்வளவு தடிமனான சுண்ணாம்புத் தளத்தைத் தாண்டி அப்படியே இறங்கி வரும் என்று நம்ப முடியாது. அதனால் நிறத்தைவிட நான் நம்பியது அண்டாவைத்தான்.

அண்டாவில் சொட்டுவது முதலில் குறைந்து, அப்புறம் நின்றேபோனது. பேசினும் ட்ராப்பும் வழக்கம்போலப் பயன்பாட்டில்தான் இருந்தன. ஆக, உடைத்தே தீரவேண்டும் என்று சொல்லப்பட்ட பேசினுக்கும் ட்ராப்புக்கும் கூரை ஈரத்தில் பங்கில்லை. வெளிச்சுவரில் ஈரம் மட்டும் அப்படியே இருந்தது, வாளி ஊற்றிய பிறகு அரசங்கன்றின் அடியில் புதிதாகக் கசிந்தது. இரண்டும் வேறு வேறு கசிவு என்பது அங்கேயே தெளிவாகிவிட்டது.

டேங்க்

டேங்கின் மூடியைத் திறந்து பார்த்தபோதுதான் ராத்திரி சொட்டலுக்கு விடை கிடைத்தது.

பழைய டேங்க் வேலை செய்யும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளே நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஒரு குழாய், அதுவே கீழே ஃபிளஷ் பைப்பாக இறங்குகிறது. அதன்மேல் கனமான வார்ப்பிரும்பு மணி கவிழ்த்திருக்கும். சங்கிலியை இழுத்தால் மணி உயரும், விட்டால் தன் பாரத்தில் விழும். விழும்போது உள்ளே இருக்கும் தண்ணீரைக் குழாயின் விளிம்புக்கு மேல் தள்ளிவிடும். அவ்வளவுதான், சைஃபன் பிடித்துக்கொண்டு, அதாவது இறங்கும் தண்ணீரே மிச்சத்தையும் இழுத்துக்கொண்டு, டேங்க் முழுவதும் இறங்கிவிடும். அக்காலக் கணக்கில் 2 காலன், அதாவது 9 லிட்டர் சொச்சம். ரப்பர் தட்டு, பிளாஸ்டிக் பட்டன் எதுவும் கிடையாது, கெட்டுப்போகவும் அதிகம் ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தண்ணீர் மட்டம் அந்த நடுக்குழாயின் விளிம்புக்குக் கீழேயே நிற்க வேண்டும். மிதவை சரியாக மூடாமல் மட்டம் ஏறினால், விளிம்பைத் தாண்டித் தண்ணீர் மெல்லிசாக ஃபிளஷ் பைப்புக்குள் வழியும். சைஃபன் பிடிக்கிற வேகம் அதற்கு இருக்காது, சத்தமும் வராது. இது நடக்கக் கூடாது என்றுதான் பக்கவாட்டில் இன்னும் தாழ்வாக ஓர் ஓவர்ஃப்ளோ குழாய் வைத்து அதைச் சுவருக்கு வெளியே நீட்டியிருப்பார்கள். பால் வால்வு (மிதவை ஏறும்போது தண்ணீரை அடைக்கும் வால்வு) பழுதானால் அந்தக் குழாய் வெளியே சொட்டி வீட்டுக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இந்த டேங்கில் ஓவர்ஃப்ளோ வாய்க்குள் ஒரு கிழிந்த வேட்டித் துணி இறுக்கமாகத் திணிக்கப்பட்டிருந்தது. வெளியே எடுத்தபோது பச்சையாக, கல் மாதிரி கெட்டித்துப்போயிருந்தது. அம்மாவிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது பக்கத்து வீட்டு சன்ஷேடுல சொட்டுதுன்னு அவர் ஒரே சத்தம். அப்போ யாரோ அடைச்சுக் கொடுத்தாங்க."

வரிசை இப்படி. போர் தண்ணீரின் உப்பு பால் வால்வின் இருக்கையில் படிந்து, வாசர் இறுகிப்போய், வால்வு முழுசாக மூடவில்லை. மட்டம் ஏறியது. வெளியே சொட்ட வேண்டிய வழி அடைபட்டதால் தண்ணீர் ஃபிளஷ் பைப்புக்குள் இரவும் பகலும் வழிந்தது. புதைந்த இணைப்பில் கண்டிப்பாக எங்கோ ஒரு விரிசல் இருக்க வேண்டும். சங்கிலி இழுக்கும் சில நொடிகள் மட்டும் தண்ணீர் போயிருந்தால் அந்த விரிசல் பல வருஷம் வெளியே தெரியாமலேயே இருந்திருக்கும். ஓயாத ஒழுக்குதான் கூரையைக் காட்டிக்கொடுத்தது. துணியை எடுத்துவிட்டு, ஸ்டாப் காக்கைத் திறந்து, ஓவர்ஃப்ளோவுக்கு நேரே ஒரு வாளி வைத்தோம். காலையில் வாளி நிரம்பி வழிந்திருந்தது.

பால் வால்வைக் கழற்றிப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை எடுத்தோம். பித்தளைக்கு டாய்லெட் ஆசிட் ஊற்றுகிறவர்கள் உண்டு. அது பித்தளையிலிருந்து துத்தநாகத்தைத் தின்று, பார்க்கச் சிவப்பாகவும் உள்ளே புரைபுரையாகவும் ஆக்கிவிடும். செம்பு மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தோம், உள்ளே தண்ணீர் இல்லை, அதனால் அப்படியே வைத்துக்கொண்டோம். புது வாசர், மிதவைக் கம்பியைச் சற்று வளைத்து மட்டத்தை ஓவர்ஃப்ளோ வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிறுத்தியது, அத்தோடு டேங்க் வேலை முடிந்தது.

ஸ்டாப் காக்கும் தேய்ந்திருந்தது. செம்புதாஸ் தெருவில் வாங்கிய புதுக் காக் அந்தப் பழைய மரையில் சுலபமாக ஏறியது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த 55 டிகிரி (பல்லின் கோணம்) மரையின் வழியில் வந்ததுதான் பி.எஸ்.பி. எனும் பிரிட்டிஷ் குழாய் மரை, இன்றைக்கும் நம் கடைகளில் கிடைப்பது அதுவே. அமெரிக்க மரை 60 டிகிரி. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 சுற்று என்பதால் ஒன்றில் மற்றொன்று ஏறுவது போலவே இருக்கும், பிறகு எவ்வளவு டேப் சுற்றினாலும் கசியும். வெளிநாட்டிலிருந்து அழகான பித்தளைச் சாமான் வாங்கி வருகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டேங்கின் அடியில் இருந்த யூனியனைத் தொட எனக்குப் பயம்தான். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். ஒரு ரெஞ்சால் டேங்கின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால்தான் நட்டைத் திருப்ப வேண்டும். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, அவசரப்படாமல் திருப்பினார் எங்கள் பிளம்பர் அண்ணன். உள்ளே இருந்த தோல் வாசர் பொடியாகக் கொட்டியது. அதற்குப் பதில் ரப்பர் வாசர் போட்டோம்.

புதைந்த இணைப்பு

பேசினுக்குப் பின்னால் ஓர் அடிக்கு ஓர் அடி மட்டும் டைல்ஸை ஆக்ஸா பிளேடால் கீறி எடுத்து, கீழே இருந்த சிமெண்டை உளியால் சன்னமாகச் செதுக்கினோம். அடுக்கடுக்காகப் பழைய வைத்தியங்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் முதன்முதலில் போட்ட இணைப்பு இருந்தது. பீங்கான் வாய்க்குள் இரும்புப் பைப்பின் முனை, இடைவெளியில் சணலும் எண்ணெய் மக்குவும், அதன்மேல் சுற்றிய கித்தான் துணி, துணியை இறுக்கிக் கட்டிய செம்புக் கம்பி. கம்பி மட்டும் புதுசு மாதிரி இருந்தது. மக்கு காய்ந்து வெடித்துப்போயிருந்தது, பைப்பின் முனை துருவில் காகிதமாக மெலிந்திருந்தது.

இந்த இடத்தில் சிமெண்ட் ஏன் தோற்றது என்பதைச் சொல்ல வேண்டும். டேங்கின் அடி தரையிலிருந்து கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரம். பைப் முழுவதும் தண்ணீர் நின்றாலும் அடியில் வரும் அழுத்தம் 0.2 பார்தான். அதைத் தாங்க வலு வேண்டியதில்லை, நெகிழ்வு வேண்டும். ஒரு பக்கம் பீங்கான், இன்னொரு பக்கம் இரும்பு, இரண்டும் உட்கார்ந்திருப்பது மரக்கட்டைகளின் மேல் தாங்கிய தளத்தில். ஆள் ஏறி இறங்கும்போது அந்தத் தளம் மயிரிழை அசையும். சிமெண்ட் அசையாது, அதனால் எங்காவது ஒரு பக்கம் விட்டுக்கொடுக்கும். அன்றைக்குச் சணலும் மக்கும் வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

பைப்பின் மேல்பகுதி நன்றாகவே இருந்ததால் தரைக்குச் சற்று மேலே வரை அதை விட்டுவைத்தோம். கீழ்ப்பகுதிக்கு 40 மி.மீ. பிவிசி வளைவு. ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பின் வெளிவிட்டம் 42 மி.மீ. சொச்சம், பெயரளவில் அதற்கு இணையான பிவிசியின் வெளிவிட்டம் 40. பெயர் பொருந்தும், சாமான் பொருந்தாது. அந்த 2 மி.மீ. வித்தியாசத்தைத்தான் பல பேர் எம்-சீலால் நிரப்புகிறார்கள். நாங்கள் ஒரு ரப்பர் ஸ்லீவைப் போட்டு, இரண்டு பக்கமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளிப் மாட்டி, அந்த இணைப்பு தரைக்கு மேலே கண்ணுக்குத் தெரியும்படி வைத்தோம். பேசின் வாயில் ரப்பர் கோன். பைப்பின் முனை பீங்கானைத் தொடாமல் சில மி.மீ. இடைவெளி விட்டு, பைப்பின் பாரம் கோன் மேல் விழாதபடி சுவரில் ஒரு கிளாம்பும் அடித்தோம்.

கொத்தனார் பழக்கத்தில் சிமெண்ட் கலக்க ஆரம்பித்துவிட்டார். நிறுத்தச் சொன்னோம். திறந்த குழியின் ஓரத்தைச் சுண்ணாம்புக் கலவையால் கட்டி, மேலே ஒரு கடப்பா கல்லை மூடியாக உட்கார வைத்து, சுற்றிலும் சிலிகான் விட்டோம். நாளைக்குக் கோன் இறுகிப்போனால் கத்தியால் சிலிகானை அறுத்துக் கல்லைத் தூக்கினால் போதும். மூடும் முன் இணைப்பைத் துடைத்து, டால்கம் பவுடர் தூவி, பலமுறை சங்கிலியை இழுத்துப் பார்த்தோம். பவுடரில் ஒரு கோடுகூட விழவில்லை.

வெளிக்குழாய்

சந்துப் பக்கத்தில் அரசங்கன்று முளைத்த சாக்கெட்டிலும் யாரோ சிமெண்ட் அப்பியிருந்தார்கள். அதைத் தட்டி எடுத்ததும் உள்ளே பழைய ஈய வளையம் தெரிந்தது. பிளம்பர் அண்ணன் உளி முனையால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "ஈயம் இன்னும் உசுரோட இருக்கு சார், சிமெண்டுதான் போயிடுச்சு" என்றார்.

வார்ப்பிரும்புக் குழாயை இணைக்கும் பழைய முறை இது. சாக்கெட்டுக்குள் முதலில் சணல் நூலை முறுக்கி அடிப்பார்கள், மேலே உருக்கிய ஈயம் ஊற்றுவார்கள். 4 அங்குலக் குழாய்க்கு ஓர் இணைப்புக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஈயம். ஈயம் ஆறும்போது சுருங்கும் என்பதால் ஊற்றியதோடு விட முடியாது, தட்டையான உளி வைத்துச் சுற்றிலும் அடித்து இறுக்க வேண்டும். காலப்போக்கில் இளகினாலும் மறுபடி அடித்து இறுக்கலாம். சிமெண்ட் இணைப்புக்கு இந்த வசதி இல்லை.

மேலும் கீழும் இருந்த சாக்கெட்டுகளுக்கு அப்படி அடித்ததே போதுமாக இருந்தது. சிறு சுத்தியல், மெல்லிய அடி, ஒரே இடத்தில் நிற்காமல் சுற்றிச் சுற்றி. பலமாக அடித்தால் சாக்கெட்டே பிளந்துவிடும். அதற்கு முன்னாலேயே குழாயைத் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டோம். கணீரென்றால் சரி, மொத்தையான சத்தம் வந்தால் விரிசல்.

அரசங்கன்று இருந்த சாக்கெட் மட்டும் சிக்கல். வேர் ஈயத்துக்கும் இரும்புக்கும் நடுவே புகுந்து ஒரு பக்கத்தை நெம்பியிருந்தது. அங்கே ஈயத்தைத் தோண்டி எடுத்து, வேரை முழுசாக உருவினோம். வெட்டிய இடத்தில் பெருங்காயம் வைத்தால் பட்டுப்போகும் என்பார்கள். வேரே வந்துவிட்டதால் அது தேவைப்படவில்லை. ஈரமான சாக்கெட்டில் உருகிய ஈயம் ஊற்றக் கூடாது. ஈயம் உருகுவது 327 டிகிரியில். அந்தச் சூடு ஈரத்தில் பட்டால் நீராவி கிளம்பி ஈயத்தை முகத்தில் அடிக்கும். அதனால் ஈயத் தகட்டைச் சன்னமாக நறுக்கி, முறுக்கி, குளிர்ந்த நிலையிலேயே அடுக்கடுக்காக அடித்து நிரப்பினார் அண்ணன். கையுறை போட்டுக்கொள்ளவும், முடிந்ததும் துகள்களைப் பெருக்கித் தனியாகக் கட்டவும் நான் நச்சரிக்க வேண்டியிருந்தது. கழிவுக் குழாய்க்கு ஈயம் பரவாயில்லை, குடிதண்ணீர்ப் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது.

கூரை

கீழே ஈரம் பட்ட கட்டையை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தோம். மேலே சில மி.மீ. மட்டும் மெத்தென்று போனது, உள்ளே கட்டி. சுவருக்குள் போகும் முனைதான் முதலில் உளுக்கும் என்பதால் அங்கே பூச்சைத் தட்டிப் பார்த்தோம், அதுவும் நன்றாக இருந்தது. ஆனாலும் காயும்வரை இருக்கட்டும் என்று ஒரு சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்தோம்.

சுண்ணாம்புத் தளம் குடித்த தண்ணீரை மெதுவாகத்தான் விடும். வேலை முடிந்தது ஆவணியில். பென்சில் கோடு விட்டு ஈரம் உள்வாங்க ஆரம்பித்து, ஐப்பசி மழையில் அப்படியே நின்று, தை வெயிலில்தான் முழுதும் காய்ந்தது. நடுவில் அம்மாவின் மகன் ஊரிலிருந்து போன் செய்து, அசிங்கமாக இருக்கிறதே, ஒரு ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்துவிடலாமா என்றார். கட்டை காய்வதற்குக் காற்று வேண்டும், அடுத்த கசிவு வந்தால் பார்ப்பதற்குக் கண்ணும் வேண்டும் என்று சொல்லி மறுத்துவிட்டேன். மாசியில் உப்பைச் சுரண்டி, சுண்ணாம்பிலேயே பூசினோம்.

ஓவர்ஃப்ளோ குழாயை ஓர் எல்போ போட்டுத் திருப்பி, பக்கத்து வீட்டுப் பக்கம் போகாமல் இவர்கள் கொல்லையில் துவைக்கும் கல்லுக்கு மேலே கொண்டுவந்து விட்டிருக்கிறோம். அங்கே தினமும் ஆள் நிற்கும். சொட்டினால் வால்வைப் பார்க்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உதிரி வாசர் இரண்டு அவர் வீட்டு டிராயரில் இருக்கிறது.